நாமினி போட்டால் உயில் வேண்டாமா?

"வங்கிக் கணக்கில் நாமினி பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம், உயில் தேவையில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது சட்டப்படி வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. 1983இல் சர்பதி தேவி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் வேறு: காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பொதுவாக அவர்களுக்கே உரிமை.

கல்யாணத்துக்கு முன்பு தம்பியை நாமினியாகப் போட்ட ஒருவர், அதை மாற்றாமலே இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். வங்கி தம்பியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது தாய், மனைவி, பிள்ளைகளுக்குச் சம பங்கு. தம்பி தர மறுத்தால்? துக்கம் ஆறாத மனைவி கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

சரி, மனைவியையே நாமினியாகப் போட்டிருந்தால்? அப்போதும் முழுப் பணமும் அவருடையது ஆகாது. அப்படி ஆக வேண்டுமென்றால் உயில் வேண்டும். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை (செய்தால் நல்லது). வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பங்கு பெறாதவர்களையே சாட்சியாக வையுங்கள்.