கேமரா வாங்குனா நாமதான் ஃபங்ஷன் போட்டோகிராஃபரா?

புதுசா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குனது தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்க எல்லாருக்கும் நாம ஃப்ரீ போட்டோகிராஃபர் ஆயிடுறோம். "தம்பி, வளைகாப்புக்கு வர்றப்ப அந்த கேமராவ எடுத்துட்டு வந்துருப்பா"ன்னு சித்தி சாதாரணமா சொல்லிட்டாங்க, இங்க கையில இருக்குறது கேமராவோடயே சேந்து வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ், ஜூம் பண்ணி 55க்கு போனா அபர்ச்சர், அதான் வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, எஃப் 5.6க்கு மேல தெறக்காது (இந்த எஃப் நம்பர் கொறைய கொறையதான் ஓட்டை பெருசாகும்), எஃப் 1.8 வரைக்கும் தெறக்குற லென்ஸ்ல வர்ற வெளிச்சத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் உள்ள வரும். மண்டபத்து லைட்டுல படத்த வெளிச்சமாக்குற ஐஎஸ்ஓ செட்டிங்க 6400 வரைக்கும் ஏத்துனா மொகமெல்லாம் ரவை தூவுன மாதிரி நாய்ஸ், வெளிச்சம் கூட நேரம் உள்ள வரட்டும்னு ஷட்டர் ஸ்பீடக் கொறச்சா வளையல் போடுற கையெல்லாம் ப்ளர். சில எல்இடி லைட்டு வேற நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், ஷட்டர் ஸ்பீட 1/500 செகண்டுல வச்சா போட்டோல பட்டை பட்டையா கோடு விழும், 1/100க்கு எறக்குனாதான் அடங்கும். இதெல்லாம் யார்கிட்ட சொல்றது? பக்கத்துல மாமா பொண்ணு போன்ல ஒண்ண தட்டி உடனே வாட்ஸ்அப்புல போட்டுட்டா, அதப் பாத்துட்டு "இவ்ளோ காசு குடுத்து இத எதுக்குப்பா வாங்குன"ன்னு நமக்குக் கேள்வி. சரி அதோட விட்டாங்களா, மறுநாள் காலைலயே "போட்டோ எப்ப அனுப்புவ, ஆல்பமும் நீயே போட்டுரு"ன்னு மெசேஜ். லென்ஸுக்குக் காசு யார் தருவா சித்தி?