அது ஆடிப்போன படம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடந்த புகைப்படப் போட்டியில், தன்னையே எடுத்த ஐந்து படங்களைக் கொண்டுவந்த ஒரு பெண்ணை நடுவர் மேடையிலேயே மட்டம் தட்டியதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டீர்கள். "சின்னப் போட்டிதானே, விட்டுத் தள்ளுங்க" என்று சிலர் இன்பாக்ஸில் சொன்னீர்கள். எனக்கு விட மனசு வரவில்லை.

நடுவர் மைக்கில் சொன்னது இதுதான்: "அம்மிணி, முகமே தெரியல. கேமரா ஆடிப்போச்சு. அடுத்த தடவ ட்ரைபாட் வெச்சு எடுங்க." கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் மேடையை விட்டு இறங்கினார்.

அந்த ஐந்து படங்களும் ட்ரைபாடில், அதாவது கேமராவை அசையாமல் தாங்குகிற முக்காலியில், வைத்து எடுத்தவை. இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, பின்னால் இருக்கிற கதவைப் பார்த்தால் போதும். கேமரா ஆடியிருந்தால் ஃபிரேமுக்குள் இருக்கிற எல்லாமே சேர்ந்து ஆடியிருக்கும். கதவு, நிலை, ஆணி, தரையில் இருக்கிற கீறல் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். இந்தப் படங்களில் தாழ்ப்பாளின் துரு தெரிகிறது. ஆணித் தலைகளை எண்ணலாம். முகம் மட்டும் கரைந்திருக்கிறது. அசைந்தது அவர். தெரிந்துதான் அசைந்தார். போதாததற்கு ஒவ்வொரு படத்தின் கீழும் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: எஃப் 11, 6 விநாடி, ஐஎஸ்ஓ 100, 35 மி.மீ. அதையும் நடுவர் படிக்கவில்லை.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எஃப் 11 என்பது லென்ஸ் துளையின் அளவு, 6 விநாடி என்பது ஷட்டர் திறந்திருந்த நேரம், ஐஎஸ்ஓ 100 என்பது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, 35 மி.மீ என்பது லென்ஸின் குவியத் தூரம்.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாகத் தரையில் விழுகிற வெயில் வட்டத்துக்குள் போய் நின்றால் முகம் வெள்ளையாக எரிந்துவிடும், அறையின் மற்ற பகுதிகள் கறுப்பாகிவிடும். அதனால் வட்டத்தை ஃபிரேமுக்கு வெளியே விட்டு, தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வட்டமும் ஒரே இடத்தில் நிற்காது. பத்துப் பன்னிரண்டு அடி உயரக் கூரை என்றால் உச்சி வேளையில் நிமிடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நகரும். ஃபிரேமை அமைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் வெளிச்சம் மாறியிருக்கும்.

ஆள் நிற்கப்போகிற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஃபோகஸ் செய்து, உடனே ஆட்டோ ஃபோகஸிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் ரிமோட்டை அழுத்தும்போது கேமரா மறுபடியும் தேட ஆரம்பிக்கும். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 35 மி.மீ லென்ஸ், எஃப் 11, இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் என்றால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். முன்னால் அவரும் பின்னால் கதவும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். ட்ரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சரிசெய்கிற லென்ஸ் ஸ்டெபிலைசரை அணைப்பது நல்லது, பழைய லென்ஸ்களில் அதுவே படத்தை நகர்த்திவிடும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை அப்படியே நம்பவும் கூடாது. அது எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். இருட்டறை இருட்டறையாகவே வர வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

இனிதான் அந்த 6 விநாடி. முழு நேரமும் அசைந்துகொண்டே இருந்தால் படத்தில் ஆளே இருக்காது, ஒரு கறை மட்டும் மிஞ்சும். முழு நேரமும் அசையாமல் நின்றால் அது பாஸ்போர்ட் படம். நான்கு விநாடி அசையாமல் நின்று, மீதி இரண்டு விநாடியில் மெதுவாகத் திரும்பினால்தான் ஒரு முகமும், அதை விட்டுப் போகிற இன்னொரு முகமும் சேர்ந்து பதியும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அதன் வெளிச்சம் மேலேறி, திரும்புகிற முகத்தை அழித்துவிடும். அதற்காகத்தான் கருத்த மரக்கதவின் முன்னால் நின்றிருக்கிறார். நம் ஊரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பூட்டாத கதவு நிற்காது. அந்தத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே, அது அழகுக்காக இல்லை.

மூன்றாவது படத்தில் இரண்டு எக்ஸ்போஷர்கள், அதாவது இரண்டு தடவை எடுத்த பதிவுகள், ஒன்றின் மேல் ஒன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால்தான் கூட்டும்போது கதவின் கறுப்பு வெளுக்காமல் நிற்கும். நின்றிருக்கிறது. இவ்வளவும் செய்தவரிடம்தான் "ட்ரைபாட் வெச்சு எடுங்க" என்றார்கள்.

"பிரிண்டே மோசம், நடுவர் என்ன செய்வார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இதில் நியாயம் இருக்கிறது. பளபளப்புத் தாளில் போட்ட 12×18 அங்குல பிரிண்ட். லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் ஓடியிருக்கிறது. இருட்டுப் படம் வந்தால் அந்த மெஷின் அதைப் பிழை என்று நினைத்து வெளிச்சத்தைத் தூக்கிவிடும், கறுப்பெல்லாம் சாம்பலாகும். கரெக்‌ஷன் வேண்டாம் என்று வாயால் சொல்லி, ஆர்டரிலும் எழுதிக் கொடுத்து, முதலில் 4×6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிது போட வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில், பளபளப்பில்லாத பருத்தி மேட் தாள் கிடைத்தால் இந்த மாதிரிப் படத்துக்கு நல்லது. ஆனால் அதில் கறுப்பின் ஆழம் குறையும், நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் அனுப்ப வேண்டும். அன்றைக்கு மாட்டியிருந்ததோ டியூப்லைட்டுக்கு நேர் கீழே, கண்ணாடி போட்டு. பாதிப் படத்தில் டியூப்லைட்தான் தெரிந்தது. சரி, இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அப்படி இருந்தும் தாழ்ப்பாள் தெரிந்ததே!

"அப்போ ஆடின படத்தையெல்லாம் கலைன்னு சொல்லலாமா?" கூடாது. அதற்குத்தான் மேலே இத்தனை பத்தி எழுதினேன். எது ஆட்டம், எது அசைவு என்று படமே காட்டிக்கொடுக்கும்.

"எங்களுக்குப் புரியலையே." புரியவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் புரியாததைத் தவறு என்று அறிவிக்கக் கூடாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில், 1863இல், முதல் கேமராவைக் கையில் எடுத்தார். அவருக்கு ஃபோகஸ் செய்யவே தெரியாது என்று அன்றைய விமர்சகர்கள் எழுதினார்கள். 1865லேயே லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவர் படங்களை வாங்கியது. 1879இல் இலங்கையில் இறந்தார். வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு உம்ராவ் சிங் ஷெர்கில் இருக்கிறார், ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அப்பா. பல பத்தாண்டுகள் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தவர். 2012இலிருந்து கொச்சியில் பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிறது. நடுவராக உட்காருகிறவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் விட எனக்கு வலித்தது ஹாலுக்கு வெளியே கேட்ட பேச்சு. "பொண்ணுக்கு என்ன பிரச்சினையோ, வீட்டுல யாராவது கவனிக்கணும்." தன் மனசை எடுத்துக் காட்டினால் அது நோயா? 1840இல் பிரெஞ்சுப் புகைப்பட முன்னோடி இப்போலித் பயார் தன்னையே நீரில் மூழ்கி இறந்தவனாகப் படமெடுத்துக்கொண்டார். அதன் பிறகு 1887 வரை உயிரோடு இருந்தார். படத்தில் இருக்கிற ஆள் வேறு, எடுத்த ஆள் வேறு. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். கல்யாண ஆல்பத்தில் பெண்கள் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் சொல்லிச் சிரிக்கவைத்ததுதான், அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை.

முதல் பரிசு வாங்கிய படத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதான அம்மாவின் முகம், சுருக்கம் சுருக்கமாக. பக்கவாட்டு வெளிச்சமும் எடிட்டிங்கில் இருக்கிற கிளாரிட்டி ஸ்லைடரும் சேர்ந்தால் எந்த முகத்திலும் அந்தச் சுருக்கம் வரும். எடுத்தவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போட்டியின் தலைப்பு "உள்ளம்". அந்த அம்மாவின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று அவரிடம் யார் கேட்டார்கள்? தன் படம் மேடையில் பரிசு வாங்கியது அவருக்குத் தெரியுமா? அடுத்தவர் முகத்திலிருந்து சோகத்தை எடுத்து வந்தால் உணர்வு, தன் முகத்திலிருந்து எடுத்தால் பிழை என்று ஒரு கணக்கு இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் பழனிப் பாதயாத்திரைக் கால்களுக்கும் பனைமரத்துக்குப் பின்னால் மறைகிற சூரியனுக்கும் பரிசு கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளம் என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளத்தைக் கொண்டுவந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அமைப்பாளர்களுக்குச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் கேமரா பதிவு செய்த அசல் கோப்பான ரா ஃபைலைக் கேளுங்கள், ஷட்டர் வேகம் அதிலேயே இருக்கும். படத்தோடு எழுதி ஒட்டியதைப் படித்துவிட்டு மைக்கைப் பிடியுங்கள். குறை சொல்வதானால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், முந்நூறு பேர் முன்னால் வேண்டாம்.

அந்தப் பெண் சம்மதித்தால் ஐந்து படங்களையும் மேட் தாளில் மறுபடி பிரிண்ட் போட்டு மாட்டுகிற செலவு என்னுடையது. வேலந்தாவளமோ கோபாலபுரமோ, கேரள-தமிழ்நாடு எல்லைக்கு எந்தப் பக்கம் என்றாலும் சரி. இடம் தரக்கூடியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். டியூப்லைட்டை அணைக்க முடிகிற இடமாக இருக்க வேண்டும், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி ஆணி அடிக்க விட வேண்டும்.