ஊதுபத்திப் புகை அறைக் காற்றைச் சுத்தமாக்குமா?

நெருப்பு, நீர் போன்ற இயற்கைத் தத்துவங்களில் காற்றுக்காகச் செய்யும் சடங்குப் பயிற்சியில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ ஏற்றினால் அந்தப் புகை அறைக் காற்றைச் சுத்தப்படுத்தும், அதனால் ஜன்னலை மூடியே வைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் இதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சடங்கில் புகைக்கு இருக்கும் பொருளை நான் மறுக்கவில்லை. காற்றின் அடையாளமாகப் புகையை வைப்பது பல மரபுகளில் உண்டு, நானும் ஏற்றுகிறவன்தான். ஆனால் நாம் மூச்சில் இழுக்கும் காற்றுக்கு நடப்பது நேர்மாறு. ஊதுபத்தி புகையும்போது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் வெளியாகின்றன. அந்தத் துகள்கள் 2.5 மைக்ரான் அளவோ அதைவிடச் சிறியவையோ என்பதால் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றுக்கான 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்தான்.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பி.எம். 2.5 காட்டும் காற்றுத்தர மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பத்தி ஏற்றும் முன் ஒருமுறை, எரியும்போது ஒருமுறை, அணைந்து அரை மணி கழித்து ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் மணம் மங்கிய பிறகும் எண் சட்டென்று இறங்காது. பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மூச்சுப் பயிற்சியும் சேர்த்துச் செய்பவர்கள் அதைப் புகை போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.