நான் தொடாத கோட் ஏன் ஓடவில்லை?

எட்டு மாதம். எட்டே மாதம்தான் அந்த ஃபோல்டர் பக்கம் போகாமல் இருந்தேன். தொட்டி மண்ணில் ஈரம் எவ்வளவு என்று ஒரு சென்சார் பார்க்கும், நான் எழுதிய 120 வரி அதை வரைபடமாகக் காட்டும். அவ்வளவுதான். ராத்திரி தூக்கத்தை விட்டு எழுதியது. முதல் கோடு திரையில் ஏறியபோது கைதட்டியிருக்கிறேன்.

போன வாரம் அதை ஓட்டிய கணினியின் மெமரி கார்டு செத்துப்போனது. பரவாயில்லை, கோட்தான் பத்திரமாக இருக்கிறதே என்று புது கார்டில் எல்லாவற்றையும் நிறுவினேன். ஓடவில்லை. ஒரு எழுத்து மாற்றவில்லை, ஓடவில்லை!

சென்சாரைப் படிக்க வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த கோட், அதாவது லைப்ரரி, ஒன்றை நம்பியிருந்தேன். அதன் பழைய வெர்ஷன் புது சிஸ்டத்தில் ஏற மறுக்கிறது. சரி, புது வெர்ஷன் போட்டேன். நான் பெயர் சொல்லி அழைக்கிற ஃபங்ஷனே (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) அதில் இல்லை. தேடிப் பார்த்தால் வேலை அதேதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஏனாம்? "இன்னும் சுத்தமாக இருக்கும்" என்று மாற்றக் குறிப்பில் ஒரு வரி. யாருக்குச் சுத்தம்? பழைய பெயரில் கூப்பிட்டால் புதுப் பெயருக்கு அனுப்பிவிடும் ஒரு வரியை விட்டுவைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த ஒரு வரி இல்லாததால் என் சனி, ஞாயிறு இரண்டும் போனது.

சம்பளமில்லாமல் லைப்ரரியைக் கட்டிக் காப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உழைப்பில்தான் நான் சென்சாரையே தொட்டேன். உடைப்பதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிற பழக்கத்தின் மேல்தான் கோபம்.

"எல்லா வெர்ஷனையும் பூட்டி வைத்திருக்கலாமே, நிரலையும் அது கேட்பதையும் சேர்த்து அடைக்கிற கண்டெய்னருக்குள் போட்டிருக்கலாமே" என்பார்கள். 120 வரிக்கா? லைப்ரரியைப் பூட்டினாலும் அடியில் இருக்கிற நிரல்மொழியே நகர்கிறதே! 2023 அக்டோபரில் வந்த பைத்தான் மொழியின் 3.12 வெர்ஷனில், பொட்டலங்களை நிறுவ உதவுகிற டிஸ்ட்யூட்டில்ஸையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய பொட்டலங்கள் நிறுவும்போதே விழுந்தன. முன்கூட்டியே எச்சரித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அலமாரியில் சும்மா கிடக்கிற பொழுதுபோக்கு நிரலுக்கு அந்த எச்சரிக்கையை யார் போய்ப் படித்துக் காட்டுவது?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை மாற்றும்போது அதன் மேல் ஓடுகிற நிரல்கள் உடையக் கூடாது என்று அதை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்! 1991-இல் அதுவும் ஒரு மாணவரின் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் எழுதிய, பக்கங்களை அச்சுக்கு அமைக்கிற டெக்ஸ் நிரலைப் பாருங்கள். அதன் வெர்ஷன் எண், திருத்தம் வரும்போதெல்லாம் பை (3.14159...) மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2014-க்குப் பிறகு அடுத்த இலக்கம் 2021-இல்தான் சேர்ந்தது. அந்த ஏழு வருடமும் அதை யாரும் செத்துப்போனது என்று தூக்கி எறியவில்லை. நம் உலகத்திலோ ஆறு மாதம் அப்டேட் வராத லைப்ரரியைப் பார்த்தால் "கைவிடப்பட்டதா?" என்று கேட்கிறார்கள். முடிந்துவிட்டது, சரியாக இருக்கிறது என்று யாருக்குமே தோன்றுவதில்லையா?

செய்திகளும் அப்படித்தான். காலையில் திறந்தால் புது ஃப்ரேம்வொர்க், புது பில்ட் டூல், பழையதை ஏன் விட வேண்டும் என்று நீளமாக ஒரு கட்டுரை. பத்து வருடம் முன்பு எழுதியது இன்றும் அப்படியே ஓடுகிறது என்றால் அது செய்தி இல்லையாம். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

ஞாயிறு ராத்திரி மல்டிமீட்டரை எடுத்துச் சென்சாரில் வைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் வோல்டேஜ் இறங்கியது. அது அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது. லைப்ரரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சென்சாரைப் படிக்கிற சிப்பின் டேட்டாஷீட்டை (தயாரித்தவர்கள் தரும் விவரக் குறிப்பு) திறந்திருக்கிறேன். பைட் பைட்டாக நானே படித்துக்கொள்கிறேன். அதில் எந்தப் பெயரையும் யாரும் மாற்ற முடியாது.