எல்லாரும் ஏமாறுவாங்க, நம்மளத் தவிர

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. 2024ல் அந்த நாள் வந்தது, போனது. அணை திறக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பினவர்களுக்குக் குறுவை போச்சு. அந்த ஒன்றரை மாசமும் எங்க அப்பாவுக்கு வாட்ஸ்அப்தான் ஆறுதல். 'கபினி நிரம்பிருச்சு, நாளைக்கே திறப்பு' என்று யாராவது அனுப்பினால் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். 'இந்த வருஷம் தண்ணி கிடையாது' என்று வந்தால், "எவனோ வேலையத்தவன் கிளப்பிவிடுறான்." ரெண்டும் வந்தது ஒரே குரூப்பில். "தண்ணி வரணும்னு இருக்கு, அதான் நம்புறீங்க" என்று நானும் பெரிய மனோதத்துவ டாக்டர் மாதிரி விளக்குவேன். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஜூலை 28ல் திறந்தார்கள். ரெண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது, உபரி கொள்ளிடத்தில் இறங்கியது. அந்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு வீடியோ. கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் மதகு பெயர்ந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகிறது. யோசிக்கவே இல்லை, குடும்ப குரூப்பில் தட்டிவிட்டேன்.

அக்கா வீடு கொள்ளிடக் கரையில். அத்தான் எழுந்து, மாடு ரெண்டையும் அவிழ்த்து மேட்டுத்தெருவில் கட்டி, சம்பா விதைநெல்லை மூட்டை மூட்டையாகப் பரணில் ஏற்றி முடித்தபோது மணி ரெண்டாம். விடிந்துதான் தெரிந்தது: அது 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது எடுத்தது.

கேவலம் என்னவென்றால், அந்த வீடியோவை 2018லேயே பார்த்தவன் நான். உடைந்த இடத்தில் புதுக் கதவணை கட்டியதும் தெரியும். ஆனாலும் மறுபடி பார்த்தபோது பழசு என்று உறைக்கவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் கூடுகிறது என்று 1977லேயே அமெரிக்காவில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பழகின முகத்தைச் சந்தேகப்பட மனசு வராதில்லையா, அது மாதிரி.

இதைவிடச் சுவாரசியமான ஆள் அமெரிக்க சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன். 1983ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு போர்க்காலக் கதை வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் ஒரு அமெரிக்கப் படை: கறுப்பினச் சிப்பாய்கள், வெள்ளைக்கார அதிகாரிகள். 'இது வெள்ளைக்காரன் சண்டை, நீ ஏன் சாகிறாய்' என்று ஜப்பான் விமானங்கள் நோட்டீஸ் போட்டன. மறுநாளே அந்தப் படையைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். சிப்பாய் எவனும் மசிந்ததாகத் தகவல் இல்லை. 'இவனுக மாறிடுவானுக' என்று பயந்தது அதிகாரிகள்தான். நமக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள்தான் மயங்குவார்கள் என்று நினைக்கிற இந்தப் புத்திக்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயர் வைத்தார் டேவிசன். எங்க அப்பா விஷயத்தில் அந்த அதிகாரி நான்தான்.

மன்னிப்புக் கேட்க அத்தானுக்குப் போன் போட்டேன். "அட விடுப்பா, பார்த்ததுமே பழசுன்னு தெரிஞ்சிருச்சு. உங்க அக்காதான் பயந்துட்டா, அவளுக்காகத்தான் மூட்டையத் தூக்குனேன்."

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்டா இது பழைய வீடியோன்னு. உங்க அத்தான் கேட்டாத்தானே!"