அது பரிசோதனையே இல்லை

"729 ப்ராஜெக்ட்டுகளை வைத்துப் பரிசோதனை செய்தே நிரூபித்துவிட்டார்கள், நிரல் எழுதும் மொழியை மாற்றினால் பிழை குறையும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பை வைத்துச் செய்த அந்த 2014 ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்றால், முதலில் அது பரிசோதனையே இல்லை. யாருக்கு எந்த மொழி என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, ஏற்கெனவே எழுதிக் கிடந்த கோடையும் கமிட்டுகளையும் (கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எந்த மாதிரி ஆட்கள் எந்த மாதிரி வேலைக்கு எந்த மொழியை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த எண்களுக்குள் கலந்தே இருக்கும். மொழியின் விளைவு சிறியதுதான் என்று அந்த ஆய்வுக் கட்டுரையே சொல்கிறது, அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

அப்புறம், 2019இல் இன்னொரு குழு அதே தரவை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. அதிலிருந்த மொழிகளில் ஒன்று டைப்ஸ்கிரிப்ட், அதன் கணக்கில் வந்த ப்ராஜெக்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் டைப்ஸ்கிரிப்டே இல்லை! கியூட்டி என்ற மென்பொருள் கருவியின் மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கும் பெயரின் முடிவில் அதே .டிஎஸ் (.ts) நீட்சிதான், உள்ளே இருப்பது நிரல் அல்ல, வெறும் எக்ஸ்எம்எல் வடிவத் தரவு. டைப்ஸ்கிரிப்ட் வெளியானதே 2012 அக்டோபரில், அதற்கு முந்தைய கமிட்டுகளும் அதில் இருந்தன (இதைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா). திருத்திப் பார்த்தபோது நான்கு மொழிகளுக்கு மட்டும்தான் பிழைகளோடு ஏதோ தொடர்பு மிஞ்சியது, அதுவும் மிகச் சிறியது.

மொழி பிழையைப் பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. இந்த ஆய்வை வைத்து அப்படியும் சொல்ல முடியாது, நீங்கள் சொல்வதையும் சொல்ல முடியாது.