எரிகிறது சரி, தெரிகிறதா?

எங்கள் பக்கம் சாலையில் ஒரு விபத்து நடந்துவிட்டால் டீக்கடையில் விழும் முதல் கேள்வி, "இண்டிகேட்டர் போட்டானா, இல்லையா?" என்பதுதான். போட்டான் என்றால் பைக்காரர் பக்கம் நியாயம், போடவில்லை என்றால் கார்க்காரர் பக்கம் நியாயம். பெஞ்சில் இருப்பவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். விளக்கு எரிந்ததா என்று கேட்கிறோமே தவிர, பின்னால் வந்தவரின் கண்ணுக்கு அது எட்டியிருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ராமநாதபுரம்–மண்டபம் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே ஓடும் பல வண்டிகளின் இண்டிகேட்டர் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரிகிறது. மீட்டரில் பச்சை அம்பு சிமிட்டுகிறது. ஊருக்கே சொல்லிவிட்ட திருப்தியோடு வண்டியை ஒடிக்கிறார்கள்.

முதலில் மீன் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பாம்பனிலும் மண்டபத்திலும் ஏலம் முடிந்த கையோடு, விடிந்தும் விடியாத நேரத்தில் உச்சிப்புளி பக்கம் கிளம்பும் மொபெட் ஒன்றின் பின்புறத்தை நின்று பாருங்கள். கேரியருக்கு இருபுறமும் ஒரு சாண் வெளியே நீண்ட ஐஸ் பெட்டி. அதன் மேல் ஒரு கூடை, கூடையை மூடிய ஈரச் சாக்கு, எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய டியூப் கயிறு. பின்விளக்கு பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இண்டிகேட்டர்கள் பெட்டியின் விளிம்புக்கு உள்ளே அடங்கிவிடுகின்றன. பஸ் ஓட்டுநரைப் போல உயரத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு அவை அறவே தெரியாது, பெட்டியின் மூடிதான் தெரியும். போதாக்குறைக்கு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த விளக்கின் மேல்தான் வடிகிறது. கண்ணாடியில் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. விசைப்படகுகளுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உண்டு, அப்போது கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள். அந்த நாட்களிலும் நாட்டுப்படகு மீனை ஏற்றிக்கொண்டு ஓடும் இந்த மொபெட்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

மீன் வண்டி வைத்திருப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடற்கரை ஊர்களில் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் வண்டிக்கும் உப்புக்காற்றிலிருந்து தப்ப வழி இல்லை. எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், வருகிற வண்டியின் பின் இண்டிகேட்டர் மூடியைக் கழற்றியதும் பல்பைத் தொடமாட்டார், முதலில் ஹோல்டரின் அடியைத்தான் பார்ப்பார். அங்கே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். "பல்பு நல்ல பல்புதான் தம்பி, எர்த் செத்துவிட்டது" என்பார். மின்சாரம் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வரும் வழியில் துருவும் களிம்பும் தடுப்பதால், பத்து வாட் பல்பு அகல் விளக்கு மாதிரி முணுமுணுக்கிறது. எர்த் இன்னும் மோசமானால் இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டும். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும், பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. உப்புத்தாளால் தேய்த்து, துளி வாசலின் தடவி மூடினால் வேலை முடிந்தது. ஆனால் மீட்டரில் அம்பு எரியும்வரை யாரும் அவரிடம் வருவதில்லை.

சிமிட்டும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டால் சில வண்டிகளில் மற்றது படபடவென்று அடித்துக்கொள்ளும், சிலவற்றில் சிமிட்டாமல் நின்றே எரியும். இரண்டுமே வண்டி உங்களிடம் சொல்லும் புகார். அதைக் கேட்காமல், "வேகமாக அடித்தால் இன்னும் நன்றாகத்தானே தெரியும்" என்று என்னிடமே வாதம் செய்தவர்கள் உண்டு.

சரி, விளக்கு பளிச்சென்று எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் சாலைக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலை கிழக்கே போய், சற்றுத் தெற்கே சாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் உதிப்பதும் அந்தத் திசையில்தான். ராமேஸ்வரம் நோக்கிப் போகிறவருக்கு அந்தக் காலையில் சூரியன் நேர் எதிரே, கண்ணாடியின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆனி, ஆடியில் இதுவே தலைகீழ்: மாலையில் ராமநாதபுரம் திரும்புகிறவரின் கண்ணில் அஸ்தமன வெயில் குத்தும். இப்போது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. சபரிமலைக்குப் போய்விட்டு ராமேஸ்வரம் வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் மார்கழி, தையில்தான். சாலைக்குப் பழக்கமில்லாத, இரவெல்லாம் தூங்காத வெளியூர் ஓட்டுநர்கள் கூட்டமாக வரும் நாட்களும், வெயில் கண்ணைக் கட்டும் நாட்களும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. சூரியன் பின்னணியில் இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிவதும் எரியாததும் ஒன்றுதான். ஆகவே அந்த மாதங்களில் என் நிழல் எனக்குப் பின்னால் நீண்டு விழுந்தால், பின்னால் வருகிறவர் என்னைப் பார்க்கவில்லை என்றே முடிவு செய்துகொள்கிறேன். நிழல் பொய் சொல்லாது.

"கண் தெரியாதவனுக்கு எதற்கு லைசென்ஸ்? பார்த்து ஓட்டுவது கார்க்காரன் பொறுப்பு" என்று இந்த இடத்தில் ஒருவர் கோபப்படுவார். கோபம் நியாயமானதுதான். 1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்திருந்தார்கள். இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், பைக்குக்கு வழி விட வேண்டிய அந்த வண்டிதான் விடாமல் குறுக்கே வந்திருந்தது. வண்டி ஓட்டியவர்களிடம் கேட்டால் அடிக்கடி வந்த பதில், மோதும்வரை பைக்கைப் பார்க்கவே இல்லை என்பது. அவர்கள் குருடர்கள் அல்லர். காரையும் லாரியையும் தேடிப் பழகிய கண், ஒல்லியான உருவத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கண்ணில் பட்டாலும் இன்னொரு சிக்கல்: சிறிய பொருள், அதே தூரத்தில் அதே வேகத்தில் வரும் பெரிய பொருளைவிட மெதுவாக வந்து சேரும் என்று மூளை கணக்குப் போடுகிறது. விலக்கு ரோட்டிலிருந்து ஏறும் கார்க்காரர், பஸ் வந்தால் நிற்கிறார், பைக் வந்தால் "போய்விடலாம்" என்று ஏறுகிறார். திமிர் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நம்மை இடித்தவர்கள் எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொள்வது நமக்கே ஆபத்து. திட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது அல்லவா?

முன்விளக்கு விஷயத்தில் நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. 2017 ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்று ஆனது. அப்போது நடந்த கூத்து நினைவிருக்கிறதா? எதிரே வருகிறவர்கள் எல்லோரும் கையை நீட்டி விரல்களை மூடி மூடித் திறந்து, "லைட் எரிகிறது" என்று அக்கறையாகச் சைகை காட்டினார்கள். அணைக்க முடியாது என்று யாருக்கும் விளக்கவும் முடியாது, தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். இப்போது அந்தச் சைகை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இருந்தும், பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயந்து தனியாக சுவிட்ச் வைத்து அணைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். பேட்டரிக்குக் காட்டும் இந்தக் கரிசனத்தில் பாதியைத் தங்கள் விலா எலும்புக்குக் காட்டலாம்.

அடுத்தது, இண்டிகேட்டரின் பொருள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? வலப்புறம் திரும்பப் போகிறார். அல்லது முன்னே போகும் மாட்டுவண்டியை முந்தப் போகிறார். அல்லது எதிரே வண்டி வருகிறது, என்னை முந்தாதே என்கிறார். அல்லது சாலை காலி, முந்திக்கொண்டு போ என்கிறார். நான்கும் நம் சாலையில் புழக்கத்தில் இருக்கின்றன. இப்படிப் பழகிய ஓட்டுநர் உங்கள் பைக்கின் வலது இண்டிகேட்டரைப் பார்த்து, நீங்கள் அவருக்கு வழி விடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஹாரன் அடித்துக்கொண்டே வலப்புறம் ஏறுவார். நீங்களும் அதே நொடியில் வலப்புறம் ஒடிப்பீர்கள். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் போடும் பழக்கம் அதைவிட விபரீதமானது. பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும், வண்டி தன் பக்கம் திரும்புகிறது என்று நம்பி அவர் காலை எடுத்து வைப்பார். இதை யார் கண்டுபிடித்துப் பரப்பினார்களோ தெரியவில்லை, அவருக்கு ஒரு கும்பிடு.

போடும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்கு இண்டிகேட்டர் போடுவதும் திருப்புவதும் ஒரே செயல். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. இரண்டு விநாடிக்கு முன்னால் போட்டால் விளக்கு இரண்டு முதல் நான்கு முறை சிமிட்டும், அதற்குள் கார் 44 மீட்டர் கடந்திருக்கும். அவர் பார்த்து, புரிந்து, பிரேக் மிதிக்க வேண்டாமா? ஐந்து விநாடிக்கு முன்பே போடுங்கள். நீங்கள் 40-இல் போகிறீர்கள் என்றால் அது 55 மீட்டர் தூரம்தான், ஒன்றும் நெடுந்தூரம் இல்லை. திரும்பியபின் அணைக்கவும் வேண்டும். காரில் ஸ்டியரிங் திரும்பி வரும்போது தானே அணையும், நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அணையாது. உச்சிப்புளியில் போட்ட இண்டிகேட்டர் மண்டபம் வரை எரிந்துகொண்டே போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுநர்கள் அதை நம்பாமல் போனார்கள்.

வலப்புறம் திரும்ப வேண்டிய விலக்குகளில் நான் செய்வது வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி தாண்டி சாயல்குடி வரை எத்தனை விலக்குகள், எத்தனை இடங்களில் சீமைக்கருவை தார் விளிம்பு வரை வந்து நிற்கிறது! கருவைக்குள்ளிருந்து பைக் முளைப்பதும், கருவைக்குள் பைக் நுழைவதும் அந்நியருக்கு மாயாஜாலம்தான். அப்படிப்பட்ட இடத்தில் நடுச்சாலையில் நின்று, சிமிட்டும் ஒரு மஞ்சள் பொட்டை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடது இண்டிகேட்டர் போட்டு இடப்புற மண்ணில் இறங்கி, நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நேர் குறுக்காகக் கடக்கிறேன். பின்னால் குடும்பமோ சுமையோ இருந்தால் இதைத் தவிர வேறு வழியே இல்லை. "என்னண்ணே, லைசென்ஸ் எடுக்கப் போகிறவர் மாதிரி ஓட்டுகிறீர்களே" என்று சிரித்த தம்பிகள் உண்டு. சிரிக்கட்டும்.

உடை, ஹெல்மெட் நிறம் என்று பேசினால் நம் ஊரில் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் போல ஒதுக்கிவிடுகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விபத்தில் காயம்படும் அபாயம், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதமும், ஒளிரும் அல்லது பிரதிபலிக்கும் உடை அணியாதவர்களைவிட அணிந்தவர்களுக்கு 37 சதவீதமும் குறைவாக இருந்தது. அந்த ஊர்ச் சாலையும் வெயிலும் வேறு, அப்படியே இங்கே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னணியோடு கலக்காத நிறம் வேண்டும், அவ்வளவுதான். கருவைக் காட்டுக்கும் கறுப்புத் தாருக்கும் நடுவே வெள்ளை எடுப்பாகத் தெரியும். அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த தனுஷ்கோடி சாலையில் இருபுறமும் வெண்மணல், அதற்கப்பால் நுரை. அங்கே நண்பகலில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டும் மணலோடு மணலாகிவிடும், ஆரஞ்சோ இளம்பச்சை மஞ்சளோதான் எடுபடும். கறுப்பு வண்டி, கறுப்பு ஹெல்மெட், கறுப்பு டி-ஷர்ட், புகைநிற இண்டிகேட்டர் மூடி என்று அலங்கரித்துக்கொண்டு இரவில் சவாரி போகும் இளைஞர்களுக்கு எதைச் சொல்வது? அழகு யாருக்குத் தெரிவதற்காக என்றாவது கேட்கலாம்.

2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் சாலையில் செத்தார்கள். ஹெல்மெட்டே போடாதவர்களிடம் இண்டிகேட்டர் பாடம் எடுக்கிறாயே என்று கேட்பவர்களுக்கு: ஹெல்மெட் மோதிய பிறகு வேலை செய்கிறது, நான் மோதுவதற்கு முந்தைய ஐந்து விநாடியைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் வேண்டும்.

மீன் வண்டிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் குறைந்த செலவில் நிறையச் செய்ய முடியும். பெட்டி அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்களிடம், பெட்டியின் பின்பக்க மேல்மூலைகள் இரண்டிலும் ஒரு சிறிய துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். வண்டியின் இண்டிகேட்டர் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து அங்கே மஞ்சள் எல்இடி விளக்கு ஒன்றை வைக்கலாம். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய ரிலேயே தாங்கும். பெட்டியைக் கழற்றி மாட்டுவதற்கு வசதியாக நடுவில் ஒரு கனெக்டர் இருக்கட்டும், அதில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் மூடி போடச் சொல்லுங்கள். எர்த்தை பாடியில் கொடுக்க வேண்டாம், தனி வயராக பேட்டரி வரை கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் உப்பு தின்றுவிடும். பெட்டியின் பின்பக்கம் முழு அகலத்துக்கும் ஒரு வரி சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர், அதற்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். சாக்கை மட்டும் அதன் மேல் தொங்க விடாதீர்கள்.